14 கிலோமீட்டர் தள்ளி ஒரு சொந்த வீடு: வாங்கலாமா?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, சேலத்தில் குகை என்ற பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு ரூம், சின்ன சமையல்கட்டு, நாலு குடித்தனத்துக்கும் ஒரே கக்கூஸ். வாடகை 5,500 ரூபாய். என் வீட்டுக்காரர் செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். வேலை ஓடினால் மாதம் 18,000 வரும். வெள்ளி விலை ஏறி ஆர்டர் நின்றுவிட்டால் பத்தாயிரம்கூட தேறாது. நானும் வீட்டில் கொலுசுக்கு வளையம் கோர்த்துக் கொடுப்பேன், கைச்செலவுக்கு ஆகும். மகள் எட்டாவது, மகன் நாலாவது படிக்கிறார்கள். முட்டிவலிக்கார மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

ஊருக்கு வெளியே 14 கிலோமீட்டரில் குடிசை மாற்று வாரியம் கட்டியிருக்கும் அடுக்குமாடியில் எங்களுக்கு வீடு கிடைக்கும் என்கிறார்கள். 400 சதுர அடி. நாங்கள் கட்ட வேண்டியது 3 லட்சம், அதோடு மாதம் 300 பராமரிப்பு. சீட்டு எடுத்த 1.5 லட்சம் கையில் இருக்கிறது, 5 பவுன் நகையும் இருக்கிறது. வீட்டுக்காரருக்கு இதில் மனசில்லை. "காத்துல தொங்குற வீடு எதுக்கு, காலடியில மண்ணு வேணும்" என்று அயோத்தியாப்பட்டணம் தாண்டி 600 சதுர அடி மனையை 4.5 லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறார். என் அண்ணனோ, "வாரிய வீட்டை விக்கவும் முடியாது, விலையும் ஏறாது, அந்தக் காசுக்குப் பேசாம போக்கியத்துக்குப் போ" என்கிறார். அந்த வீடு 3 லட்சம் பெறுமா அக்கா?

– சகோதரி, சேலம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வருமானத்தை நீங்களே கணக்கில் சேர்க்கவில்லை. வளையம் கோர்க்கிற கூலியைக் கைச்செலவு என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். அது மாதம் மூவாயிரமா, நாலாயிரமா என்றுகூட எழுதவில்லை. அந்த வீடு உங்களுக்குப் பெறுமா பெறாதா என்பதை முடிவு செய்யப்போவதே அந்தக் கூலிதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அண்ணன் சொன்னதை எடுத்துக்கொள்வோம்.

விற்க முடியாது என்பது பெரும்பாலும் உண்மை. ஒதுக்கீட்டு ஆணையில் இத்தனை வருஷம் விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். அதை வரி விடாமல் படியுங்கள். ஆனால் அதே நிபந்தனையால்தான் அந்த வீடு உங்களுக்கு 3 லட்சத்துக்குக் கிடைக்கிறது. 400 சதுர அடியை நீங்களே கட்டப் போனால், சதுர அடிக்கு இரண்டாயிரம் என்று வைத்தாலும் 8 லட்சம் ஆகும், அதுவும் மனை விலை இல்லாமல். மிச்சத்தை மத்திய அரசும் மாநில அரசும் போடுகின்றன. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் எங்கும் சொந்தமாகக் கல்வீடு இருக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்துத்தான் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். வாங்கிய மறுநாளே யாரும் விற்கலாம் என்று விட்டிருந்தால், நாலு வீடு வைத்திருப்பவர் ஆள் வைத்து அள்ளிக்கொண்டு போயிருப்பார். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் வந்தே இருக்காது.

விலை ஏறாது என்கிறாரே, ஏறினால் என்ன செய்வீர்கள்? விற்றுவிட்டு எங்கே போவீர்கள்? ஒரே வீடு வைத்துக் குடியிருப்பவர்களுக்கு, பக்கத்து மனை என்ன விலைக்குப் போகிறது என்பதால் அடுப்பில் கூடுதலாக ஒரு பிடி அரிசி வேகாது. மாதாமாதம் கையை விட்டு எவ்வளவு போகிறது, அது எத்தனை வருஷத்தில் நிற்கும், ஓனர் காலி பண்ணச் சொல்லுவாரா, வயசுக்கு வந்த பெண் ராத்திரி கக்கூஸுக்குப் பொது முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டுமா என்பதெல்லாம்தான் உங்களுக்கு வீட்டின் மதிப்பு. எட்டாவது படிக்கிற மகளை வைத்துக்கொண்டு நாலு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மனசு நின்றது அந்த வரியில்தான்.

இனி காசுக் கணக்கு. கையிலிருக்கும் 1.5 லட்சத்தையும் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். கரண்டுக்கு, தண்ணீர் டேங்குக்கு, ஜன்னல் வலைக்கு, சாமான் ஏற்றுகிற வண்டிக்கு என்று குடிபோகும்போது வரிசையாகச் செலவு வரும். 30,000 ஒதுக்கிவிட்டு 1.2 லட்சம் கட்டுங்கள். மீதி 1.8 லட்சத்தை வங்கிக் கடனாக 10 சதவீத வட்டிக்கு ஏழு வருஷத் தவணையில் எடுத்தால் மாதம் கிட்டத்தட்ட 2,990 ரூபாய் வரும். வீட்டுக்காரர் வண்டியில் தினம் போக வர 28 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் பெட்ரோல் கிட்டத்தட்ட 1,450. பராமரிப்பு 300. கூட்டினால் 4,740. இப்போது கொடுக்கும் வாடகையை விட 760 ரூபாய்தான் குறைவு. அதாவது முதல் ஏழு வருஷம் உங்களுக்குப் பெரிய மிச்சம் எதுவும் இருக்காது. இதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு சலிப்பு வரக்கூடாது. எட்டாவது வருஷம் தவணை முடிந்ததும் பெட்ரோலும் பராமரிப்பும்தான் மிஞ்சும். அன்றைக்குக் குகையில் இதே ஒற்றை ரூம் என்ன வாடகைக்குப் போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த 1.8 லட்சத்தை மட்டும் தெருவில் மூணு வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். மாதம் 5,400 வட்டி. வாடகையாகப் போகிற காசு வட்டியாகப் போகும், அசலில் ஒரு ரூபாய் குறையாது. வங்கியில் இழுத்தடித்தால் வாரியத்தின் சேலம் அலுவலகத்தில் போய், பயனாளிகளுக்கு எந்த வங்கி கடன் தருகிறது என்று கேளுங்கள். நகையை விற்கவும் வேண்டாம். பட்டறையில் ஆர்டர் நிற்கிற மாதம் தவணை கட்ட, கூட்டுறவு வங்கியில் ஒன்றை வைத்து எடுக்கலாம்.

இப்போது அந்த 760 ரூபாய்க்கு வருவோம். நீங்கள் வளையம் கோர்ப்பதை நிறுத்த வேண்டி வந்தால் அது எங்கே போகும்? மூவாயிரம் கூலி போனால் மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் துண்டு விழும், வீடு சுமையாகிவிடும். சென்னையில் ஊருக்கு வெளியே இதே வாரியம் கட்டிய கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போன குடும்பங்கள் பலவற்றுக்கு இதுதான் நடந்தது. வீடு கிடைத்தது, வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை போனது. நகரத்துக்கு வந்து போகிற நேரமும் பஸ் காசும் கூலியைத் தின்றன. சிலர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே வாடகைக்குத் திரும்பினார்கள்.

உங்கள் தொழிலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பட்டறையிலிருந்து உங்களுக்கு வெள்ளியை எடை போட்டுத்தான் தருவார்கள், முடித்துக் கொடுக்கும்போதும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். கூப்பிடு தூரத்தில் இருப்பவள் என்ற நம்பிக்கையில் கொடுக்கிற பொருள் அது. 14 கிலோமீட்டருக்கு அப்பால் பஸ்ஸில் எடுத்துப்போகிற பெண்ணிடம் அதே முதலாளி கொடுப்பாரா? கொடுத்தாலும் வழியில் பை காணாமல் போனால் யார் பொறுப்பு? வெள்ளி இன்று விற்கிற விலைக்கு அரைக்கிலோ தொலைந்தால் உங்கள் குடும்பம் எழுந்திருக்க நாளாகும். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்பு முதலாளியிடம் நேரில் பேசுங்கள். வீட்டுக்காரரே காலையில் முடித்த சரக்கைக் கொண்டுபோய், ராத்திரி புதுச் சரக்கை வண்டியில் எடுத்துவர ஒத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் உங்கள் கூலி நிற்காது. மாட்டேன் என்றால், அந்தக் குடியிருப்புப் பக்கம் உங்களுக்கு வேறு என்ன வேலை கிடைக்கும் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உங்களுக்கு ஒரு பலம். ஆனால் அந்த இடத்துக்கு டவுன் பஸ் போகிறதா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பார்க்க ஞாயிறு மத்தியானம் போகாதீர்கள், அப்போது எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். விடிகாலையில் தண்ணீர் விடுகிற நேரத்தில் போய், மூன்றாம் மாடி வரைக்கும் குழாயில் ஏறுகிறதா, குடத்தோடு கீழே நிற்கிறார்களா என்று பாருங்கள். மாடிப்படியில் நின்று எத்தனை கதவில் பூட்டுத் தொங்குகிறது என்று கவனியுங்கள். குடிவந்தவர்களே பூட்டிவிட்டுப் போயிருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் காரணம் கேளுங்கள், அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள். கழிவுநீர்த் தொட்டியை யார், எப்போது எடுக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். கட்டடம் புதிதாக இருக்கும்போது யாரும் இதைக் கேட்பதில்லை, நாலு வருஷம் கழித்து இதுதான் தினசரிச் சண்டை. மாமியாரின் முட்டிவலிக்கு அரசு மருத்துவமனையில் சான்று வாங்கி, தரைத்தளம் வேண்டும் என்று வீடு ஒதுக்கும் குலுக்கலுக்கு முன்பே எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள். குலுக்கல் முடிந்த பிறகு மாற்றுவது கஷ்டம்.

உங்கள் வீட்டுக்காரரின் மண் ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். வாடகை வீட்டிலேயே வாழ்ந்தவருக்குச் சொந்த மண் மேல் ஆசை இருப்பது நியாயம்தான். ஆனால் அந்த மனைக்கு அப்ரூவல் எண் கேட்டீர்களா? "வந்துடும்" என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு அவற்றை முறைப்படுத்த வந்த வரன்முறைத் திட்டத்தில் சேராத மனைகள் இன்றும் பதிவு அலுவலகத்தில் சிக்கிக்கொள்கின்றன. அப்ரூவல் இருந்தாலும் கணக்கு இடிக்கிறது. பதிவுக்கு 9 சதவீதம், அதாவது 40,500 ரூபாய். உங்கள் பெயரில் எழுதினால் 10 லட்சத்துக்குள்ளான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும், 36,000. கையிலிருப்பது போக 3 லட்சத்துக்கு மேல் கடன் வேண்டும். வெறும் மனைக்கு உங்களுக்கு வங்கி கொடுப்பது அரிது. வெளியில் இரண்டு வட்டிக்கு எடுத்தால் மாதம் 6,000. வாடகை 5,500-ம் நிற்காது. பட்டறை படுத்த மாதத்தில் அவருக்குப் பத்தாயிரம்கூடத் தேறாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சொந்த மனையில் வீடு கட்ட அரசு 2.5 லட்சம் வரை உதவுகிறது என்று யாராவது சொல்லுவார்கள். உண்மைதான். ஆனால் கட்ட ஆகிற 8 லட்சத்தில் மீதி ஐந்தரை லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? மனை கல் நட்டபடியே கிடக்கும், நீங்கள் குகையிலேயே இருப்பீர்கள்.

போக்கியம் தப்பில்லை, கையில் முழுப் பணமும் இருப்பவர்களுக்கு. உங்களிடம் பாதிதான் இருக்கிறது. மீதி 1.5 லட்சத்துக்கு மூணு வட்டி 4,500 கட்டினால் வாடகையில் மிச்சமாவது ஆயிரம் ரூபாய். மூணு வருஷம் கழித்து ஓனர் காலி பண்ணச் சொன்னால் மறுபடி பெட்டி தூக்க வேண்டும். அப்படியும் போவதானால் வெறும் பத்திரத்தாளில் எழுதி வாங்காமல் பதிவு செய்யுங்கள். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

ஆகவே என் முடிவு: முதலாளி சரக்கு கொடுக்கச் சம்மதித்து, தண்ணீரும் பஸ்ஸும் சரியாக இருந்தால், வாரிய வீட்டை எடுங்கள். சொந்தக்காரர்கள் "குடிசை மாற்று வாரிய வீடா" என்று முகம் சுளிக்கலாம். 1970-இல் வந்த வாரியத்துக்கு 2021-இல் பெயர் மாற்றியும் அந்தப் பேச்சு போகவில்லை. உங்கள் மகளுக்குத் தாழ்ப்பாள் போட்ட குளியலறை கிடைப்பதோடு ஒப்பிட்டால் அது ஒரு பொருட்டே இல்லை.

பணத்தை வாரியத்தின் பெயருக்கு மட்டும்தான் கட்ட வேண்டும். "நான் முடிச்சுத் தர்றேன்" என்று இருபதாயிரம் கேட்கிற யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஒதுக்கீடு உங்கள் பெயரிலோ, இருவர் பெயரிலுமோ வர வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் மட்டும் என்று எழுதியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். முழுத்தொகை கட்டிய பிறகு விற்பனைப் பத்திரம் எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். பழைய குடியிருப்புகளில் பணம் கட்டி முடித்தும் பத்திரத்துக்கு வருஷக்கணக்கில் நடந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு ரசீதையும் நகல் எடுத்து வேறு இடத்திலும் வையுங்கள். குடிபோவதை மே மாதத்தில் வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு டிசி வாங்கிப் புதுப் பள்ளியில் சேர்க்க வசதி. மகள் அப்போது ஒன்பதாவது போவாள். அந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் மேல்நிலை வரை இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரித்து வையுங்கள்.