ஆஸ்திரியாவில் ஒருநாள் பனி விளையாட்டு: மகளுக்குத் தனி விசா எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. செப்டம்பரில் 'ஓ பேர்' விசாவில் ஜெர்மனி போனாள். ரோசன்ஹைம் பக்கத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பம் ஆஸ்திரியாவில் டிரோல் மலைக்கு ஸ்லெட்ஜ் (பனியில் சறுக்கும் வண்டி) விளையாட அவளையும் கூட்டிப்போகிறது. காலையில் போய் இரவே திரும்பிவிடுவார்கள். 'ஆஸ்திரியாவுக்குத் தனி விசா, பனிக்குத் தனி இன்ஷூரன்ஸ், சேர்த்து 18,000 ரூபாய்' என்கிறார் அவளை அனுப்பிவைத்த ஏஜென்ட். கட்டட்டுமா? அவள் போகலாமா?
- ஒரு தாய், அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமாகப் போகட்டும் அம்மா. ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் விசா. மகளிடம் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வகை என்ற இடத்தில் 'டி' என்ற எழுத்து இருக்கும். நீண்ட நாள் தங்குவதற்கான விசா அது. அதை வைத்திருப்பவர், விசா தேதி முடியாதவரை, மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று ஒப்பந்தம் செய்துகொண்ட ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை போய்வரலாம். 2010 முதல் இதுதான் விதி. ஆஸ்திரியா ஷெங்கன் நாடு. ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அந்த 90-இல் ஒரு நாள், அவ்வளவுதான். 'ஆஸ்திரியாவுக்குத் தனி விசா' என்று இந்தப் பெண்ணுக்கு ஒன்று கிடையவே கிடையாது. இல்லாத ஒன்றுக்கு உங்களிடம் காசு கேட்கிறார்கள்.

அசல் பாஸ்போர்ட் அவள் கையில் இருக்க வேண்டும். "ஷெங்கனுக்குள் எல்லையே கிடையாது" என்று யாராவது சொல்லுவார்கள், நம்ப வேண்டாம். 2015 செப்டம்பரிலிருந்து ஆஸ்திரியாவிலிருந்து ஜெர்மனிக்குள் வரும் வழியில் சோதனை நடக்கிறது. இருட்டியபின் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும் காரை நிறுத்தி, ஜன்னல் வழியாக டார்ச் அடித்துக் கேட்பார்கள். வீட்டுக்காரர்கள் அடையாள அட்டையை நீட்டுவார்கள், உங்கள் மகள் பாஸ்போர்ட்டை நீட்ட வேண்டும். ஜெராக்ஸும் மொபைலில் இருக்கும் படமும் செல்லாது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அதை நிதானமாகப் படியுங்கள். விசாவில் முடிவுத் தேதியைப் பாருங்கள். சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் கொடுத்திருப்பார்கள், சிலருக்குச் சில மாதங்களுக்கு மட்டும். தேதி முடிந்திருந்தால் உள்ளூர் வெளிநாட்டவர் அலுவலகம் கொடுக்கும் தங்கும் அனுமதி அட்டை வேண்டும். அட்டை கையில் இருந்தால் அதையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போகலாம். அட்டை இன்னும் வரவில்லை, இடைக்காலச் சான்று மட்டும் இருக்கிறது என்றால், அதில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியின் வெளிநாட்டவர் தங்கும் சட்டத்தில் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் பழைய அனுமதி தொடர்கிறது என்று பொருள், ஜெர்மனிக்குள் திரும்பி வரலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போனவர் அந்தத் தாளை வைத்துத் திரும்ப முடியாது. இரண்டுமே இல்லாமல், 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்ற மின்னஞ்சல் மட்டும்தான் இருக்கிறதென்றால் எல்லையைத் தாண்டவே கூடாது. நேரத்தோடு விண்ணப்பித்த பிள்ளைகளையும் ஒரு தாளுக்காக மாதக்கணக்கில் காக்கவைக்கிறார்கள், கடிதம் போட்டால் பதில் இல்லை. பெற்றோர் இங்கே தூக்கம் கெட்டு, கடைசியில் ஏஜென்ட் வாசலில் போய் நிற்பது இதனால்தான். மகள் அந்த நிலையில் இருந்தால் வீட்டுக்காரர்களிடம் சொல்லட்டும். பாயரிஷ்செல் பக்கம் ஸூடல்ஃபெல்ட் மலை ஜெர்மனிக்குள்ளேயே இருக்கிறது. பனி அங்கேயும் அதே பனிதான்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். ஓ பேர் பெண்ணுக்கு நோய், விபத்து இரண்டுக்கும் காப்பீடு எடுத்து அதன் செலவை ஏற்க வேண்டியது அந்தக் குடும்பம். உங்கள் மகளுக்கும் எடுத்திருப்பார்கள். அந்தப் பாலிசியில் மூன்று விஷயம் பார்த்தால் போதும்: ஆஸ்திரியாவிலும் செல்லுமா, பனி விளையாட்டில் அடிபட்டால் உண்டா, மலையிலிருந்து மீட்கும் செலவு உண்டா. மூன்றாவதற்கு ஜெர்மன் பாலிசியில் 'பெர்குங்' என்ற சொல் இருக்கும், அதைத் தேடச் சொல்லுங்கள். ஹெலிகாப்டர் வந்தால் பில் சில ஆயிரம் யூரோவுக்குப் போய்விடும்.

கூடவே 'ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட்' இருக்கிறதா என்றும் கேட்கட்டும். நம்மால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அது. நம் ஊரில் இதை யாரும் யோசிப்பதில்லை. ஸ்லெட்ஜ் கட்டுமீறி ஓடி ஒருவர் காலை ஒடித்துவிட்டால் அந்தச் செலவு மோதியவர் தலையில்தான் விழும். அங்கே மாதம் சில யூரோவில் கிடைத்துவிடும்.

இங்கே விற்கிற 'ஸ்னோ இன்ஷூரன்ஸ்' கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பம் ஒன்று இரண்டு வருஷம் முன்பு என்னிடம் வந்தது. மகள் பனியில் விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது. 'ஃபுல் கவர்' என்று ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பியிருந்தார். முழு பாலிசியை வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில், 'குளிர்கால விளையாட்டுகள் நீங்கலாக' என்று இருந்தது. அந்த அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை. சாதாரணப் பயணக் காப்பீடுகளில் பெரும்பாலும் இந்த விலக்கு இருக்கும். முழு ஆவணத்தைக் காட்டாதவரிடம் எந்தக் காப்பீடும் வாங்காதீர்கள்.

ஏஜென்ட் இல்லாமலேயே ஓ பேர் போகலாம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 18 முடிந்து 27 ஆகாதவர், அடிப்படை ஜெர்மன் தெரிந்தவர், குடும்பத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டுத் தானே விண்ணப்பிக்கலாம். விசா கட்டணம் 75 யூரோ. மாதம் 280 யூரோ கைச்செலவுப் பணம் வாங்கும் பெண்ணின் பெற்றோரிடம் லட்சக்கணக்கில் கறக்கிறார்கள். போன பிறகும் விடுவதில்லை, உங்களுக்கு வந்த 18,000 ரூபாய்க் கணக்கு அந்த வகைதான்.

இன்னொன்றையும் மகள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்: ஞாயிறு அவளுக்கு விடுமுறையா, வேலையா? மலையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் அது வாரத்துக்கு 30 மணி நேரம் என்ற வரம்புக்குள் சேரும். விடுமுறை நாள் என்றால் அவள் விருந்தாளி.

பருத்தி உடை வேண்டாம், நனைந்தால் காயாது. ஹெல்மெட் கட்டாயம் போடட்டும். ஸ்லெட்ஜுக்கென்று விட்டிருக்கும் தடத்தில் மட்டும் இறங்கட்டும், ஸ்கீ சரிவில் கூடாது. நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆஸ்திரிய மலைமீட்பு எண் 140, பொது அவசர எண் 112. இரண்டையும் சனிக்கிழமை இரவே மொபைலில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.