நானோ: வாக்குறுதியும் கைக்கு வந்ததும்

கேள்வி: நானோ டெக்னாலஜி வந்தால் கம்ப்யூட்டரே தலைகீழாக மாறிவிடும் என்று பெரிய கம்பெனிகள் பல வருடமாகச் சொல்கின்றன. ஒன்றும் கைக்கு வந்த மாதிரி தெரியவில்லையே, வெறும் விளம்பரமா?

பதில்: பாதி விளம்பரம்தான். (நானோமீட்டர் என்றால் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு; அந்த அளவில் பொருள்களைச் செய்வதுதான் நானோ டெக்னாலஜி.) 1989-ல் ஐபிஎம் ஆய்வாளர் டான் ஐக்ளர், ஊசிமுனை ஒன்றை நிக்கல் பரப்புக்கு மிக அருகில் கொண்டுபோய், 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக இழுத்து நகர்த்தி, கம்பெனி பெயரையே எழுதிக் காட்டினார் (சம்பளம் கொடுப்பவர் பெயரைத்தானே எழுத முடியும்!). அணுக்கள் இடம் மாறாமலிருக்க மைனஸ் 269 டிகிரி குளிர் வேறு. அழகான வித்தை, ஆனால் இந்த வேகத்தில் பல நூறு கோடி டிரான்சிஸ்டர் (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் குட்டி சுவிட்ச்) உள்ள சிப்பைச் செய்வது நடக்கிற காரியமா?

அப்புறம் கார்பன் நானோகுழாய், அதாவது கார்பன் அணுக்களால் ஆன, நானோமீட்டர் கணக்கில் தடிமனுள்ள குழாய். 1991-ல் ஜப்பானின் என்இசி நிறுவனத்தில் சுமியோ ஈஜிமா அதைப் பற்றி எழுதியதும், இப்போது சிப் செய்யப் பயன்படும் சிலிக்கான் இனி வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். போகவில்லை. வழக்கமான முறையில் தயாரித்தால் சுமார் மூன்றில் ஒரு பங்கு குழாய்கள் உலோகம் மாதிரி மின்சாரத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும், அணைக்கவே முடியாத சுவிட்ச்சை வைத்துக்கொண்டு கணக்கு போட முடியாது, பொறுக்கிப் பிரிப்பதோ பெரும்பாடு.

மீதிப் பாதி நிஜம். க்யூஎல்இடி டிவியில் இருப்பது குவாண்டம் புள்ளிகள், அதாவது சில நானோமீட்டர் அளவே உள்ள, ஒளி வீசும் துகள்கள்: ஒரே பொருள், துகள் சிறிதானால் பச்சை ஒளி, கொஞ்சம் பெரிதானால் சிவப்பு. ஆனால் '3 நானோமீட்டர் சிப்' என்ற பெயரை அப்படியே நம்பாதீர்கள், அதில் அடுத்தடுத்த கேட்டுகளுக்கு (டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் பகுதி) இடையிலான தூரமே 40 நானோமீட்டருக்கு மேல்!