வேதியியல் துறைக்கு மட்டும் தனி நூலகம் எதற்கு?

பெரிய மத்திய நூலகம் இருக்கும்போது வேதியியல் துறைகள் ஏன் தனியாக ஒரு நூலகம் வைத்திருந்தன என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேதியியலில் பழைய கட்டுரை அவ்வளவு சீக்கிரம் காலாவதியாவதில்லை. 1890இல் ஒருவர் ஒரு சேர்மத்தைத் தயாரித்து, உருகுநிலையை ஒழுங்காக அளந்து எழுதியிருந்தால் அந்த எண் இன்றும் செல்லும். அதைப் பார்க்காமல் லேபில் இறங்கினால், யாரோ எப்போதோ செய்து முடித்ததையே மாதக்கணக்கில் செய்துகொண்டிருப்போம். அதனால் நூலகம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே வேதியியல் நூலகம் பல காலம் ஆய்வகக் கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. 1907இல் துறைத் தலைவராக வந்த வில்லியம் நோய்ஸ்தான், அதே ஆண்டு தொடங்கிய ‘கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ்’ இதழின் முதல் ஆசிரியர். உலகெங்கும் வெளிவரும் வேதியியல் கட்டுரைகளைச் சுருக்கித் தந்த இதழ் அது. 1909இல் அதன் அலுவலகம் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. ஆனால் இல்லினாயில் மேரியன் ஸ்பார்க்ஸ் என்ற வேதியியல் நூலகர் இருந்தார். இந்தக் கடலில் எப்படித் தேடுவது என்று மாணவர்களுக்கு வகுப்பே எடுத்தவர். 1919இல் அதைப் பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். வேதியியல் வரலாற்றில் இவரைப் போன்றவர்களுக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏனென்றால் தேடுவது ஒரு தனி வித்தை. நான் எம்.எஸ்சி. படித்த காலத்தில் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸின் அச்சு வால்யூம்களில்தான் தேடினோம். ஆஸ்பிரினை எடுத்துக்கொள்வோம். பெயரை நம்பித் தேட முடியாது. 1972க்குப் பிறகு இண்டெக்ஸில் அது பென்சாயிக் அமிலம் என்ற தலைப்பின் கீழே போய்விட்டது. வாய்பாடு மாறாது: சி9 எச்8 ஓ4. வாய்பாட்டு இண்டெக்ஸில் முதலில் கார்பன், அடுத்து ஹைட்ரஜன், மற்றவை அகர வரிசையில். அந்த வாய்பாட்டின் கீழ் காஃபியிலுள்ள காஃபிக் அமிலமும் வந்து நிற்கும், அதைத் தள்ளிவிட வேண்டும். 1920 முதல் 1946 வரை 27 ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே வாய்பாட்டு இண்டெக்ஸ் தொகுப்பு உண்டு. அதில் கிடைக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு சுருக்கத்துக்குப் போய், அங்கிருந்து மூல ஆய்விதழுக்குப் போக வேண்டும். அதற்கும் முந்தையது என்றால் ‘பைல்ஸ்டைன்’. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பேராசிரியர் ஒருவர் 1881இல் தொடங்கிய கரிம வேதியியல் கையேடு. பழைய தொகுதிகள் முழுக்க ஜெர்மன், பக்கத்தில் அகராதி இல்லாமல் ஆகாது.

அப்புறம் கணினி வந்தது. 2010 தொடக்கத்தோடு கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் அச்சில் வருவது நின்றது. அந்த வால்யூம்கள் அடைத்திருந்த அலமாரிகளுக்கு வேறு தேவைகள் வந்தன, பல துறை நூலகங்கள் மத்திய நூலகத்தோடு இணைக்கப்பட்டன. மூலக்கூறின் அமைப்பைத் திரையில் வரைந்தே தேடும் வசதியை நான் குறை சொல்ல மாட்டேன், அது பெரிய வரம். ஆனால் அதற்குச் சந்தா கட்ட முடியாத கல்லூரிகள் நிறைய. அங்கே பழைய வால்யூம்கள் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.