பலூன், இன்டர்லாக், விடியற்கால ஓட்டம்: கேள்வி பதில்

திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் வழக்காடும் சட்டத்தரணி நான். குடித்துவிட்டு ஓட்டிய வழக்குகள் கிழமைக்குக் கிழமை வருகின்றன. அதைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

உப்புவெளித் தம்பி: அண்ணா, பொலிசார் மூச்சைச் சோதிக்கக் கொடுக்கும் பலூனை ஊதிப் பிடிபட்டால் அந்த இடத்திலேயே தண்டம் கட்டிவிட்டு வரலாமா?

முடியாது தம்பி. இது தபாற்கந்தோரில் கட்டும் தண்டம் இல்லை. நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நம் சட்டத்தில் எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம். ஒருவருக்கும் காயம் இல்லாவிட்டாலும் தண்டம் 25,000 ரூபாவுக்குக் குறையாது, 30,000 வரை போகலாம். மூன்று மாதம் வரை சிறை வைக்கலாம், லைசன்ஸை 12 மாதம் வரை நிறுத்தி வைக்கலாம். ஆள் காயப்பட்டாலோ செத்தாலோ கணக்கே வேறு. ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் இதற்குள்தான்.

இன்னொருவர்: ஊத மாட்டேன் என்று நின்றால்?

குடித்திருந்தீர்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் வரும். ஊதுங்கள்.

பாலையூற்று அக்கா: என் தம்பி கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறான். கல்யாண வீட்டுக்குப் போய் வரும்போது பிடிபட்டானாம். காரில் ஏதோ பெட்டி பூட்ட வேண்டும் என்கிறான். அது என்ன? இன்னும் சிட்டிசன்ஷிப் எடுக்கவில்லை, பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) தான்.

அக்கா, முதலில் கடைசி வரிக்குப் பதில் சொல்கிறேன். பெட்டியை விட அதுதான் பெரிய விசயம். 2018 டிசம்பரிலிருந்து கனடாவில் இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை பத்து வருடம். அதனால் குடிவரவுச் சட்டம் இதைப் பாரதூரமான குற்றங்களோடு சேர்த்துப் பார்க்கிறது. பி.ஆர். வைத்திருப்பவர் தண்டம் கட்டியதோடு முடிந்தது என்று இருக்க முடியாது, அந்த நாட்டில் இருக்கும் உரிமையே ஆட்டம் காணலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் குடிவரவு வழக்குப் பார்க்கும் ஒரு சட்டத்தரணியிடம் தம்பி கட்டாயம் பேச வேண்டும். இன்றைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கள்.

இனிப் பெட்டி. இக்னிஷன் இன்டர்லாக் என்பார்கள். ஸ்டார்ட் பண்ணும் சுற்றோடு இணைத்திருக்கும் கருவி அது. குழாயில் ஊத வேண்டும். மூச்சில் மதுசாரம் இருந்தால் உள்ளே அது வேதிமாற்றம் அடைந்து சிறு மின்னோட்டம் உண்டாகும், அந்த மின்னோட்டத்தை அளந்துதான் கருவி முடிவு சொல்கிறது. தம்பி இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் எல்லை 20 மில்லிகிராம். அதற்கு மேல் என்றால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். அதில் தவறினால் ஓடும் எஞ்சினை நிறுத்திவிடாது, அது ஆபத்து. ஹோர்ன் அடிக்கும், விளக்கு மின்னும், எல்லாம் பதிவாகும். மனைவி அந்தக் காரை எடுத்தாலும் அவரும் ஊத வேண்டும். பூட்டும் செலவும் வாடகையும் தம்பியுடையது.

முதல் முறை குற்றவாளியாகக் கண்டால் தண்டம் குறைந்தது 1,000 டொலர். லைசன்ஸ் ஒரு வருடம் போகும், அதன் பிறகு ஒரு வருடம் இன்டர்லாக், நடுவில் கட்டாயப் பயிற்சி வகுப்பும் உண்டு. இரண்டாம் முறை என்றால் குறைந்தது 30 நாள் சிறை. முதல் முறை, ஒருவருக்கும் காயம் இல்லை, 90 நாளுக்குள் ஒப்புக்கொண்டார் என்றால் மூன்று மாதத்தில் காரில் ஏறி ஒன்பது மாதம் இன்டர்லாக்கோடு ஓட்ட ஒரு வழி இருக்கிறது. ஆனால் பி.ஆர். ஆள் இந்தச் சலுகையைப் பார்த்து அவசரப்பட்டுத் தலையாட்டக்கூடாது என்றுதான் முதலில் சொன்னேன்.

கிண்ணியா வாசகர்: அரிஷ்டம் குடித்தால் பலூன் காட்டுமா?

காட்டலாம். அரிஷ்டம் புளிக்க வைத்துச் செய்வது, அதில் மதுசாரம் தானாகவே உண்டு. ஒரு கரண்டி மருந்து எல்லையைத் தாண்ட வைக்காது. வாயில் தங்கியது கால் மணி நேரத்தில் போய்விடும். அதைச் சொல்லி, காத்திருந்து திரும்ப ஊதக் கேளுங்கள்.

நிலாவெளி வான் சாரதி: ஐயா, இரவு குடித்தால் குடித்ததுதான். படுத்து எழும்பி, குளித்து, பிளேன்ரீ குடித்துவிட்டு ஓடினால் ஒன்றும் இல்லை. இருபது வருட அனுபவம்.

இதைத்தான் நான் அடிக்கடி சொல்கிறேன், திரும்பவும் சொல்கிறேன். நித்திரை மதுசாரத்தை இறக்காது. குளிப்பு இறக்காது, தேசிக்காய் இறக்காது. ஈரல்தான் இறக்கும், அதுவும் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம். சாராயம் 33.5 வீதம் என்று வைத்துப் பாருங்கள். எழுபது கிலோ ஆள் அரைப் போத்தலை இரவு 11 மணிக்கு முடித்தால் இரத்தத்தில் கிட்டத்தட்ட 200. காலை ஆறு மணிக்கு ஏழு மணி நேரம் போயிருக்கும், இறங்கியது 105. மிச்சம் 95. எல்லை 80.

வான் சாரதி: எனக்கு ஏறாது ஐயா. பழகிய உடம்பு.

பழகிய உடம்புக்கு வெறி தெரியாமல் போகலாம். பலூனுக்குத் தெரியும்.

ஒரு தாதி (ஆஸ்பத்திரி வேலை): ஐயா சொல்வது சரி. காலையில் விபத்தில் வருபவர்கள் "நான் நேற்றுத்தானே குடித்தேன்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறார்கள்.

வான் சாரதி: அப்போ பொலிசார் ஏன் காலையில் மறிப்பதில்லை?

மறிக்காததால் மிச்சம் 95 குறைந்துவிடுமா? நிலாவெளி வீதியில் விடியற்காலம் மாடு படுத்திருக்கும். கடலுக்குப் போய்த் திரும்பும் ஆட்கள் சைக்கிளில் மீன் பெட்டியோடு வருவார்கள், பின்விளக்கு இருக்காது. பிரேக்கில் கால் வைக்க அரை விநாடி பிந்தினால் என்ன நடக்கும் என்று இருபது வருடம் ஓடிய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூவர் அடுத்தடுத்து: கள்ளு மட்டும் என்றால்? பியர் இரண்டு என்றால்? மோர் குடித்தால் இறங்குமா?

மூன்றுக்கும் பதில் மேலே இருக்கிறது. மதுசாரம் மதுசாரம்தான். மோர் இறக்காது.

மட்டிக்களி வாசகர்: காப்புறுதி காசு தருமா?

குடித்து ஓட்டினால் சொந்த வாகனச் சேதத்துக்குத் தராது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள்.

கந்தளாய் ஆசிரியர்: அந்த இன்டர்லாக்கை இங்கே இரவு பஸ்களுக்குப் பூட்டினால் என்ன?

நல்ல கேள்வி. பிரான்சில் 2015 முதல் தூரப் பயண பஸ்களுக்கு அது கட்டாயம். குற்றம் செய்தவருக்குத் தண்டனையாக இல்லை, ஏறும் எல்லோருக்கும் பாதுகாப்பாக. நம் சட்டம் யாரையும் பூட்டச் சொல்லவில்லை, ஒரு முதலாளி தானாகப் பூட்டினால் தடையும் இல்லை. ஹபரணைக் காட்டுக்குள் இரவு இரண்டு மணிக்கு ஐம்பது பேர் நித்திரையில் போகிறார்கள். ஒருவர் மட்டும்தான் விழித்திருக்கிறார். அவருடைய மூச்சை யார் பார்க்கிறார்கள்? இதை நான் மனதாரக் கேட்கிறேன்.

வான் சாரதி: ஐயா, கடைசியாக ஒன்று. இன்றைக்கு மச்சான் வீட்டில் விசேசம். கால் போத்தலோடு பத்து மணிக்கு நிறுத்திவிடுவேன். நாளை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போக வேண்டும். அந்தக் கணக்கு?

கால் போத்தல் என்றால் கிட்டத்தட்ட 100. பத்திலிருந்து ஐந்து வரை ஏழு மணி நேரம், 105 இறங்கும். காகிதத்தில் பூச்சியம் வருகிறது. ஆனால் உங்கள் ஈரல் மணிக்கு 12 இறக்கினால் வராது, மச்சான் இன்னொரு கிளாஸ் ஊற்றினாலும் வராது. கேட்டதற்கு நன்றி தம்பி. குடிப்பதென்றால் இப்பவே இன்னொரு சாரதிக்குப் போன் எடுத்து அந்த ஓட்டத்தைக் கொடுத்துவிடுங்கள்.