காய்ச்சினாலும் போகாது: பல் டாக்டர் பதில்கள்

தருமபுரி மாவட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் அரசுப் பல் மருத்துவராக இருந்தவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றியே இருந்தன. இங்கே இடம்பெறாத கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.

டாக்டர் அம்மா, என் பெரிய மகனுக்கு ஒன்பது வயது. முன்பற்கள் முளைத்துக் கொஞ்ச நாளிலேயே பழுப்பாகக் கோடு கோடாக ஆகிவிட்டன. இரண்டு வேளை தேய்த்தும் போகவில்லை. போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, வடிகட்டித்தான் கொடுக்கிறேன். சின்னவனுக்குப் பத்து மாதம். அவனுக்கும் இப்படி வருமா?
*வாசகி, பாலக்கோடு*

பெரியவனைத் திட்டாதீர்கள் அம்மா. அது அழுக்கு இல்லை. தாடைக்குள் பல் உருவாகும்போதே அதன் கெட்டியான மேல் பூச்சான எனாமலுக்குள் விழுந்துவிட்ட குறை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு அளவுக்கு மீறி உடம்பில் சேர்ந்தால், எனாமல் முழுசாகக் கெட்டிப்படாமல் பொடிப்பொடித் துளைகளோடு நின்றுவிடுகிறது. பல் முளைக்கும்போது சுண்ணாம்பு தடவியதுபோல் இருக்கும். அப்புறம் அந்தத் துளைகளில் நிறம் ஏறிப் பழுப்பாகும். எந்த பிரஷ்ஷும் அதைத் தேய்த்து எடுக்காது.

கொதிக்க வைப்பதால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள தண்ணீர் இரண்டு லிட்டர் வைக்கிறீர்கள். அதில் மொத்தம் 4 மில்லிகிராம். கொதித்து அரை லிட்டர் ஆவியாகிவிட்டால், அந்த 4 மில்லிகிராமும் மிச்சமுள்ள ஒன்றரை லிட்டரில்தான் இருக்கும். லிட்டருக்கு 2.6-க்கு மேல் ஆகிவிட்டது. நல்லது செய்வதாக நினைத்து நாம் அதைக் கூட்டித்தான் கொடுக்கிறோம். துணியில் வடிகட்டுவதும் உதவாது. ரசத்தை வடிகட்டினால் அதிலுள்ள உப்பு நின்றுவிடுமா?

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுடைய நிரந்தர முன்பற்கள் ஆறேழு வயதில்தான் வெளியே வரும். ஆனால் அவற்றின் எனாமல் இப்போதே தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கிறது. முதல் மூன்று வருஷம்தான் முன்பற்களுக்கு முக்கியம். கடைவாய்ப் பற்களுக்கு எட்டு வயது வரை. ஆகவே இன்றைக்குத் தண்ணீரை மாற்றினால் அவன் பல் பெரும்பாலும் தப்பித்துவிடும். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிக மிகக் குறைவு, அதைத் தாராளமாகக் கொடுங்கள். புட்டிப்பால், கஞ்சி, பருப்புச் சாதம் எதுவும் போர் தண்ணீரில் வேண்டாம். குடிக்க மட்டுமில்லை, சமைக்கவும் நல்ல தண்ணீர்தான்.

உங்கள் ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா? தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் அந்தத் திட்டத்தை ஜப்பான் கடனுதவியோடு கொண்டுவந்து, 2013-இல் திறந்ததே இந்த ஃபுளோரைடு தொல்லைக்காகத்தான். வருகிறது என்றால், மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றுகிறார்களா என்று பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். அது வராத நாளுக்கு மழைநீரைச் சுத்தமாகப் பிடித்து மூடி வையுங்கள். ஆர்.ஓ. மிஷின் ஃபுளோரைடை எடுத்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் சவ்வை நேரத்துக்கு மாற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பல் நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டில் மட்டும் கறை. தெரு ஒன்றுதானே?
*வாசகர், காரிமங்கலம்*

தெரு ஒன்றுதான், பாறை ஒன்றில்லை. நம் பக்கத்துக் கருங்கல்லில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. தண்ணீர் பாறை வெடிப்புகளில் வருஷக்கணக்கில் தங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. தண்ணீரில் கால்சியம் குறைவாக இருந்தால் இன்னும் அதிகமாகக் கரையும். ஒரு போர் 200 அடி, பக்கத்துப் போர் 700 அடி என்றால் இரண்டும் வேறு வேறு தண்ணீர். ருசியில் தெரியாது, நிறத்தில் தெரியாது, வாசனையும் கிடையாது.

ஒரு பள்ளி முகாமில், பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்துச் சோதனைத் திரவத்தை விட்டேன். ஃபுளோரைடு இல்லை என்றால் அது இளஞ்சிவப்பாகவே இருக்கும். அன்றைக்குப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாக மாறியது. "அப்போ நாங்க குடிச்சதெல்லாம்?" என்று ஒரு பையன் கேட்டான். தலைமையாசிரியை அன்று மத்தியானமே சத்துணவு சமைக்க வேறு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

நீங்களும் சோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துச் சொல்வார்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்துப் போங்கள், கண்ணாடி வேண்டாம். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கே வழியில்லை என்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்டிலும் ஃபுளோரைடு இருக்கிறதே? தூக்கிப் போட்டுவிடலாமா? மகளுக்கு நாலு வயது.
*வாசகி, சென்னை*

வேண்டாம். அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901-இல் ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் போனார். ஊர்க்காரர்களின் பல்லெல்லாம் பழுப்பு. ஆனால் அந்தப் பற்களில் சொத்தை மட்டும் குறைவாக இருந்ததை அவர் கவனித்தார். காரணம் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடுதான் என்று தெரிய 1931 ஆனது. அளவோடு இருந்தால் பல்லைக் காக்கிற அதே பொருள், மிஞ்சினால் பல்லைக் கெடுக்கிறது. 1945-இல் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரத்தில் குடிநீரில் வேண்டுமென்றே அதைக் கொஞ்சம் சேர்க்கவும் ஆரம்பித்தார்கள்.

உங்கள் மகளுக்கு ஒரு பட்டாணி அளவு பேஸ்ட் போதும். மூன்று வயதுக்குள் என்றால் அரிசி மணி அளவு. விளம்பரத்தில் வருவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்காதீர்கள். துப்பக் கற்றுக்கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகமாக உள்ள ஊர் என்றால் மட்டும் ஆறு வயது வரை ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் வாங்கச் சொல்வேன்.

கல் உப்புதான் உடம்புக்கு நல்லது என்று பாக்கெட் உப்பை நிறுத்திவிட்டோம். சரிதானே?
*வாசகர், கோயம்புத்தூர்*

சரியில்லை ஐயா. பாக்கெட் உப்பில் அயோடின் என்ற சத்தைச் சேர்த்திருக்கிறார்கள். ஃபுளோரைடு மிஞ்சினால் கெடுதல், அயோடின் குறைந்தால் கெடுதல். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். எழுபது வருஷத்துக்கும் சேர்த்துக் கூட்டினால் நாலு கிராம்கூட வராது. அது இல்லாமல்தான் கழுத்தில் தைராய்டு வீங்குகிறது, கர்ப்பிணிக்குக் குறைந்தால் பிறக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கிறது. வீட்டில் மருமகள் உண்டாகியிருந்தால் இதில் விளையாடவே வேண்டாம். கல் உப்புதான் வேண்டும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பே கிடைக்கிறது, பாக்கெட்டைப் பார்த்து வாங்குங்கள். மூடி வைத்துப் பயன்படுத்துங்கள்.

அப்பாவுக்கு 58 வயது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை, குனிய முடியவில்லை. வாதம் என்கிறார்கள். ஃபுளோரைடாக இருக்குமா?
*வாசகர், பென்னாகரம்*

இருக்கலாம். பல வருஷம் இந்தத் தண்ணீர் குடித்தவர்களுக்கு எலும்பு கனத்து, தசைநார்கள் சுண்ணாம்பேறி, முதுகெலும்பு கட்டைபோல் விறைக்கும். 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தில், நெல்லூர்ப் பக்கத்து ஊர்களில், டாக்டர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். வலி மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுங்கள். எந்த ஊர்த் தண்ணீர், எத்தனை வருஷமாக என்று மறக்காமல் சொல்லுங்கள். விறைத்துப்போனதை மருந்து முழுசாகத் திருப்பிக் கொடுக்காது, தண்ணீரை மாற்றினால் மேலும் ஏறாது.

சாப்பாட்டில் ராகிக்களி, பால், மோர், கீரை சேருங்கள். கால்சியம் குடலிலேயே ஃபுளோரைடைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினமும் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்தபோது, சிறுநீரில் ஃபுளோரைடு அதிகமாக வெளியேறியது. 2002-இல் வெளியான ஆய்வு அது. புளிக்குழம்பு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பிப் பழைய தண்ணீரையே குடிக்காதீர்கள்.

பிளஸ் டூ படிக்கிறேன். போட்டோவில் வாயைத் திறந்து சிரித்ததே இல்லை. சரிசெய்ய முடியுமா டாக்டர்?
*வாசகி, ஊத்தங்கரை*

முடியும் கண்ணு. உன்னை மாதிரி கையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இலேசான கறை என்றால் மேற்பரப்பை மருந்து வைத்து மெல்லத் தேய்த்தே எடுத்துவிடலாம். ஆழமான கறை என்றால் பல் நிறத்திலேயே ஒரு பூச்சு ஒட்டுவோம். வலிக்காது. உன் பல் வளர்ந்து முடிந்துவிட்டதால் இனிமேல் புதிதாகக் கறை வராது. ஆசிட், எலுமிச்சை, கரித்தூள் என்று எதையும் வீட்டில் போட்டுப் பார்க்காதே, எனாமல் போய்விடும். பரீட்சை முடிந்ததும் மாவட்ட அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிப் போ.