சம்மதத்தைக் கணினிக்குச் சொல்வது எப்படி?

கேள்வி: ஐரோப்பிய மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் விதிகளைக் கணினியே படிக்கும்படி டிபிவி (DPV), ஓடிஆர்எல் (ODRL) இரண்டையும் வைத்து எழுதச் சொல்கிறார்கள். சட்டத்தை அப்படி எழுத முடியுமா, சார்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: ஓரளவு முடியும் அம்மா. முடிகிற அளவையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன்.

டிபிவி ஒரு சொற்களஞ்சியம். எந்தத் தகவல், என்ன நோக்கம், யாரிடம் போகிறது, எந்தச் சட்ட அடிப்படை என்று ஒவ்வொன்றுக்கும் அதில் பெயர் உண்டு. ஜிடிபிஆர் அமலுக்கு வந்த 2018-லேயே இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சமூகக் குழு ஒன்று இந்த வேலையைத் தொடங்கியது. ஓடிஆர்எல் விதி எழுதும் மொழி. அனுமதி, தடை, கடமை என்று மூன்று வகை. டிபிவியின் சொற்களை எடுத்து ஓடிஆர்எல்லில் விதியாக்குவீர்கள்.

ஒரு நோயாளி தன் ரத்தப் பரிசோதனை முடிவை ஆராய்ச்சிக்குத் தருகிறார், விளம்பரத்துக்குக் கூடாது என்கிறார். முதலாவது அனுமதி, அடுத்தது தடை. சரி, இரண்டு நோக்கமும் கலந்த ஒரு கோரிக்கை வந்தால்? எது வெல்லும் என்று நீங்கள் எழுதாமல் விட்டால், ஓடிஆர்எல் கணக்கில் அந்தக் கொள்கை, அதாவது விதிகளின் தொகுப்பு, முழுவதுமே செல்லாததாகிவிடும். அதனால் தடையே வெல்லும் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நோயாளியின் உடல்நிலை பற்றிய தகவல் இது; சந்தேகம் வந்தால் அவர் பக்கம்தான் நிற்க வேண்டும்.

அப்புறம், சம்மதத்தைத் திரும்பப் பெறுவது. கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது ஜிடிபிஆரின் 7-ஆம் பிரிவு. பழைய சம்மதப் பதிவை அழிக்காதீர்கள். சம்மதம் முடிவுக்கு வந்த நேரத்தை அதில் குறித்து வையுங்கள். அதுவரை நடந்தது செல்லும்.

இனி கணினியால் முடியாதது. தகவலைப் பயன்படுத்த 6-ஆம் பிரிவு தரும் ஆறு சட்ட அடிப்படைகளில் ஒன்று, நிறுவனத்தின் நியாயமான நலன். அது தகவலுக்குரிய மனிதரின் உரிமையை மிஞ்சுகிறதா என்பதை ஆள்தான் எடைபோட வேண்டும். எடைபோட்டது யார், எப்போது, என்ன முடிவு என்பதை மட்டும் பதியலாம்.

கடைசியாக, விதியை எழுதினால் மட்டும் போதாது. 2002-ல் பி3பி (P3P) என்று ஒரு தரம் வந்தது. இணையதளங்கள் தங்கள் தனியுரிமைக் கொள்கையை உலாவிக்குப் புரியும்படி எழுதலாம். பல தளங்கள் தப்பும் தவறுமாக எழுதி வைத்தன, தட்டிக்கேட்க ஆளில்லை. உங்கள் மென்பொருளில் தரவுத்தளத்தைத் திறக்கும் ஒவ்வொரு கோரிக்கையும் இந்த விதிகளைக் கடந்துதான் போகிறதா என்று குழுவில் கேளுங்கள். இல்லையென்றால் முதலில் அதைக் கட்டுங்கள்.