நீர் பிரியும் மேடு

அன்புள்ள ஐயா,

நான் முதுகலைப் புவியியல் மாணவன். அரசியல் புவியியல் தாளுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். அரசு, தேசம், எல்லை, அதிகாரம் ஆகியவற்றுள் எதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்? ராட்செலும் மாக்கிண்டரும் இன்றைக்கும் பொருந்துவார்களா? இன்னொரு சந்தேகம். மலை, ஆறு போன்ற இயற்கை எல்லைகள் உள்ள நாடுகளில் அமைதி நிலவுகிறது, ஆப்பிரிக்காவில் அளவுகோல் வைத்து இழுத்த செயற்கை எல்லைகளால்தான் இத்தனை போர்கள் என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். நம் முன்னோர் வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாகச் சொன்னதும் இந்த அறிவினால்தானே? சுருக்கமாக விளக்க முடியுமா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

சுருக்கமாக முடியாது. சில மாதங்களாகத் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் சிலியும் அர்ஜென்டினாவும் எல்லை பிரித்த கதையைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நேரம் பார்த்து ‘இயற்கை எல்லை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இனி நான் சொல்வதை முழுவதும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முதலில் சில்லறைக் கணக்கை முடித்துவிடுகிறேன். அரசு வேறு, தேசம் வேறு என்பதற்குக் குர்து மக்களைப் பாருங்கள். துருக்கி, இராக், ஈரான், சிரியா என நான்கு நாடுகளில் பரவி வாழ்கிறார்கள். தாங்கள் ஒரே மக்கள் என்ற நினைவு அவர்களுக்கு உண்டு, தனி நாடு இல்லை. ஜெர்மன் புவியியலாளர் ராட்செல் நாட்டை வளரும் உயிர் என்றார். வளரும் உயிருக்கு இடம் வேண்டும் என்ற அவருடைய பேச்சை நாஜிகள் பின்னால் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரிட்டிஷ் புவியியலாளர் மாக்கிண்டர் 1904இல் ரயில் பாதைகளை மனத்தில் வைத்து உலகத்தைப் பார்த்தவர். இருவரையும் தேர்வுக்குப் படியுங்கள். இரண்டு மாலைப் பொழுதுகள் போதும், அதற்குமேல் செலவிடாதீர்கள்.

இப்போது உங்கள் ஆசிரியரின் வாக்கியத்துக்கு வருகிறேன். தம்பி, இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதற்கு முன் ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? மலை அங்கே இருக்கிறது, சரி. அதன் எந்த முகடு எல்லை? எந்தச் சரிவு? எந்த ஓடை? இதையெல்லாம் மலை சொல்லாது.

1881இல் சிலியும் அர்ஜென்டினாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த முகடுகளின் வழியே எல்லை செல்லும் என்றது அது. படிக்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது! உயர்ந்த முகட்டில் விழும் மழை ஒரு பக்கம் பசிபிக்குக்கும் மறுபக்கம் அட்லாண்டிக்குக்கும் போகும் என்று நம்பி எழுதினார்கள். வடக்கே அது ஏறக்குறைய உண்மைதான். தெற்கே படகோனியாவில் பழைய பனிப்பாறைகள் மலையை அறுத்துப் போட்டிருந்தன. அங்கே உயர்ந்த சிகரங்களுக்குக் கிழக்கே, சமவெளியை ஒட்டிப் பிறக்கும் ஆறுகள் திரும்பி, மலையையே ஊடுருவிப் பசிபிக்கில் போய் விழுகின்றன. உயர்ந்த முகடு ஓரிடத்தில் இருக்கிறது, நீர் பிரியும் மேடு அதற்கு வெகு கிழக்கே இருக்கிறது. நீர் பிரியும் மேடுதான் எல்லை என்றது சிலி. சிகரம்தான் எல்லை என்றது அர்ஜென்டினா. இரண்டு நாடுகளும் ஒரே வாக்கியத்தைத்தான் கையில் வைத்திருந்தன.

அர்ஜென்டினாவின் எல்லை நிபுணர் பிரான்சிஸ்கோ மொரேனோ என்ன செய்தார் தெரியுமா? ஃபெனிக்ஸ் என்று ஓர் ஆறு. அது ஓர் ஏரியில் கலந்து அதன் வழியாகப் பசிபிக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. 1898இல் அவர் ஆள்களை வைத்துப் பனிப்பாறை விட்டுச்சென்ற கல்மேட்டில் ஒரு வாய்க்காலை வெட்டினார். ஆறு திரும்பி அட்லாண்டிக் பக்கம் ஓடத் தொடங்கிவிட்டது. மண்வெட்டியால் மாற்றக்கூடிய ஒன்றையா இரண்டு நாடுகளின் எல்லையாக வைப்பீர்கள் என்பதுதான் அவருடைய வாதம். அரசியல் புவியியலில் இதைவிட நல்ல செய்முறைப் பாடத்தை நான் கண்டதில்லை. உங்கள் பாடத்திட்டத்தில் இது இருக்காது.

போர்க்கப்பல்களுக்கு இரண்டு நாடுகளும் ஆர்டர் கொடுத்திருந்தன. கடைசியில் 1902இல் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டு நடுவராகத் தீர்ப்புச் சொன்னார். இடத்தைப் போய்ப் பார்த்தவர் தாமஸ் ஹோல்டிச். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறத்திலும் மத்திய ஆசியாவின் பாமிர் மலையிலும் அளந்து பழகிய அதிகாரி அவர். தீர்ப்பு முகட்டையும் முழுதாகப் பின்பற்றவில்லை, நீரையும் முழுதாகப் பின்பற்றவில்லை. ஏரிகளை நடுவே வெட்டிக்கொண்டு போனது. அவற்றுள் ஓர் ஏரிக்கு அர்ஜென்டினாவில் புவனோஸ் அயர்ஸ் ஏரி என்று பெயர், சிலியில் ஜெனரல் கரேரா ஏரி என்று பெயர். அந்தப் பகுதியில் ஒரு பள்ளத்தாக்கில் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் இருந்தார்கள். எந்த நாட்டோடு இருக்க விரும்புகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டபோது அர்ஜென்டினா என்றார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் ஆறு இன்றும் பசிபிக்குக்குத்தான் ஓடுகிறது, நிலம் அர்ஜென்டினாவிடம் இருக்கிறது. (சமரசத்தால் தேவையற்றுப்போய் விற்கப்பட்ட போர்க்கப்பல்களில் இரண்டு ஜப்பானுக்குப் போய் 1905இல் சூஷிமா போரில் சண்டையிட்டன. அது வேறு கதை.) தென்கோடிப் பனிவெளியில் ஒரு பகுதிக்கு இன்னும் கோடு முடிவாகவில்லை.

என் அப்பா நில அளவையில் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறையில் சில நாள்கள் நானும் அவரோடு போவேன். செயின்மேன் சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னால் நடக்க, அப்பா வரைபடத்தை விரித்துக்கொண்டு பின்னால் வருவார். ஒருமுறை இரண்டு பங்காளிகளுக்கு இடையே தகராறு. தாத்தா காலத்திலிருந்து நடுவில் ஓடும் ஓடைதான் எல்லை என்று இருவருமே நம்பி வந்தவர்கள். ஒரு பெருமழையில் ஓடை கிழக்கே நகர்ந்துவிட்டது. மேற்கே இருந்தவர் ஓடைக் கரை வரைக்கும் உழுது கம்பு விதைத்துவிட்டார். அப்பா ஓடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதரை வெட்டச் சொல்லிப் பழைய சர்வே கல்லைத் தேடினார். அரைநாள் கழித்து மண்ணுக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கல் அகப்பட்டது. அங்கிருந்து அளந்தால், ஓடை முன்பு ஓடிய இடமும் எல்லை இல்லை, இப்போது ஓடும் இடமும் எல்லை இல்லை! இருவரும் தலைமுறைக் கணக்காக ஒருவர் நிலத்தை ஒருவர் உழுதுகொண்டிருந்திருக்கிறார்கள்.

“இந்தக் கல்லை யார் நட்டது?” என்று கோபமாகக் கேட்டார் மேற்கத்திக்காரர்.

“எங்கள் ஆள்கள்தான்” என்றார் அப்பா, வரைபடத்தை மடித்துக்கொண்டே.

அதிகாரம் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு நான் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆறு எல்லையானால் என்ன ஆகும் என்பதற்கு ரியோ கிராண்டேயைப் பாருங்கள். டெக்சஸின் தெற்கு எல்லை நுவேசஸ் ஆறு என்றது மெக்சிகோ, ரியோ கிராண்டே என்றது அமெரிக்கா. இரண்டும் அசல் ஆறுகள், இரண்டும் இயற்கை. இடைப்பட்ட நிலத்துக்கு 1846இல் அமெரிக்கப் படை போனது, போர் மூண்டது, 1848இல் வென்றவன் சொன்ன ஆறு எல்லையானது. இயற்கை இரண்டு விடைகளைக் கொடுத்திருந்தது, அவற்றுள் ஒன்றைத் துப்பாக்கி தேர்ந்தெடுத்தது. பிறகு அந்த ஆறாவது சும்மா இருந்ததா? எல் பாசோ அருகே தெற்கு நோக்கி நகர்ந்தது. 1864 வெள்ளத்தில் பெரிதாக நகர்ந்து, சாமிசால் என்ற மெக்சிகோ நிலத்தை அமெரிக்கப் பக்கம் கொண்டுபோய் விட்டது. ஆறு மெல்ல அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், திடீரெனப் பாய்ந்து வழியை மாற்றிக்கொண்டால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும் என்பது சட்டம். ஆக, எவ்வளவு வேகமாக நகர்ந்தாய் என்று ஆற்றிடம் விசாரணை நடத்த வேண்டியிருந்தது. 1911இல் நடுவர் குழு பெரும்பகுதி மெக்சிகோவுக்கு என்றது. அமெரிக்கா ஏற்கவில்லை, அரை நூற்றாண்டு இழுத்தடித்தது. 1963இல்தான் ஒப்பந்தம் வந்தது. ஆயிரக்கணக்கானோரை வீடுகளிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டு, இனி நகராதபடி ஆற்றைக் கான்கிரீட் கால்வாயில் அடைத்தார்கள். இயற்கை எல்லை இயற்கையாகவே இருக்கட்டும் என்று சிமெண்டு பூசியிருக்கிறார்கள்!

வேங்கடமும் குமரியும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொல்காப்பியத்தின் முன்னுரையான பாயிரம் சொல்வது தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லையை. யார் எதுவரைக்கும் வரி வாங்கலாம் என்பதை அது சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே மூவேந்தரும் எத்தனையோ குறுநில மன்னரும் ஒருவரோடு ஒருவர் ஓயாமல் போரிட்டார்கள். ஆநிரை கவரப் போன வெட்சி மறவர் தாண்டியது எல்லைக்கோடு ஒன்றை அல்ல, யாருக்கும் முழுதாக அடங்காத காட்டையும் முல்லை நிலத்தையும். அக்கால எல்லை அப்படி அகலமான ஒரு பட்டையாகக் கிடந்தது. கோடு போடும் அரசு வந்தபோது என்ன நடந்தது? சென்னை, ஆந்திர எல்லைத் தகராறுக்கு நடுவராக இருந்த படாஸ்கர் கிராமம் கிராமமாகப் பேசும் மொழியைப் பார்த்துப் பிரித்ததில், 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, திருப்பதி ஆந்திரத்திலேயே இருந்தது. வேங்கடமலை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கோடுதான் அதற்குத் தெற்கே போனது.

ஆப்பிரிக்காவைப் பற்றி இன்னொரு நாள். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே நாற்பத்தொன்பதாம் அட்சக்கோட்டில் ஆயிரம் மைலுக்குமேல் ஒரு நேர்கோடு போகிறது, அங்கே எத்தனை போர் நடந்தது என்று மட்டும் உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.

அவர் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள பிரனீஸ் மலையைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். எல்லாரும் கடைசியில் அங்கேதான் போய் நிற்பார்கள். 1659 உடன்படிக்கைப்படி அங்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கில் பல கிராமங்கள் பிரான்சுக்குப் போயின. அவற்றின் நடுவே இருந்த லிவியா என்ற ஊர் மட்டும் நகரம் என்ற தகுதி பெற்றிருந்ததால் ஸ்பெயினிடம் தங்கிவிட்டது. இன்றும் நாற்புறமும் பிரான்ஸ் சூழ நடுவில் கிடக்கிறது. அதையும் சொல்லிவிடுங்கள்.

தேர்வில் இதையெல்லாம் எழுதாதீர்கள், மதிப்பெண் போய்விடும். இயற்கை எல்லை, செயற்கை எல்லை என்று இரண்டு பத்தி போட்டு, பாடப்புத்தகத்தில் உள்ளபடியே எழுதிவிட்டு வாருங்கள். விடுமுறையில் உங்கள் ஆசிரியரிடம் உலகத்தில் ஒரே ஓர் இயற்கை எல்லையின் பெயரைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். அதை யார், எந்த ஆண்டு, எந்தச் சண்டைக்குப் பிறகு தேர்ந்தெடுத்தார்கள் என்று தேடிப் பதில் போடுகிறேன்.